கதவு திறந்ததும் பாய்ந்து ஓடும் பூனையை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பூனைக்கு இரண்டு வயது, கடுவன். தெருவில் கிடைத்த குட்டி. கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று, வீட்டுக்குள்ளேயேதான் வளர்க்கிறோம். ஆனால் மாலையில் நான் வந்து கதவைத் திறந்தால் போதும், காலுக்கு நடுவில் புகுந்து ஓடிவிடுகிறான். போன வாரம் ஓடியவன் மறுநாள்தான் வந்தான், பின்னங்காலில் கடிபட்ட காயத்தோடு. அதட்டிப் பார்த்தோம், தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை, கதவோரமே கதி என்று கிடக்கிறான். ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டி வெளியே கூட்டிப்போனால் ஆசை அடங்குமா?

பதில்: முதலில் அந்தக் காயம். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். ஆறிவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது அந்த இடம் வீங்கும், காய்ச்சல் வரும், சாப்பிட மாட்டான். இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இன்றே காட்டுங்கள். எது கடித்தது என்று தெரியாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், ரேபிஸ் தடுப்பூசி விஷயத்தில் அவர் முடிவெடுக்க அது தேவை. பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸும் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது (மனிதர்களுக்கு ஒட்டாது). கடிபட்ட உடனே ரத்தப் பரிசோதனை செய்தால் அது தெரியாமல் போகலாம். சுமார் 60 நாள் கழித்து ஒருமுறை பார்ப்பது நல்லது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

கருத்தடை செய்யாத பூனையாக இருந்தால், அதை முதலில் செய்யுங்கள் என்பதோடு பாதி பதில் முடிந்திருக்கும். பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே ஹீட்டுக்கு (இணை தேடும் பருவத்துக்கு) வரலாம். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அந்த நாட்களில் எந்தக் கதவும் அதற்குத் தடையில்லை. கடுவன் விஷயமும் அதேதான், ஆபரேஷனுக்குப் பிறகும் ஹார்மோன் வடியச் சில வாரம் பிடிக்கும். உங்கள் பூனை இந்தக் கட்டத்தைத் தாண்டியவன். அவன் ஓடுவதற்குக் காரணம் வேறு.

கதவு திறக்கும் அந்த நிமிடத்தை அவன் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். பகல் முழுக்க வீட்டில் அசைவே இல்லை. விடியலும் அந்தி நேரமும்தான் பூனைக்கு ரத்தம் சுறுசுறுப்பாக ஓடும் பொழுது, நீங்கள் வருவதும் சரியாக அந்தியில். மாடிப்படியில் காலடிச் சத்தம், சாவிச் சத்தம், கதவு இடுக்கில் வெளிக்காற்று, அதோடு நூறு வாசனை. உள்ளே வந்ததும் நீங்கள் குனிந்து பெயர் சொல்லிக் கொஞ்சுகிறீர்கள், அதுவும் அதே நிலைப்படியில். அவனுடைய ஒரு நாளில் நடக்கும் நல்லது எல்லாம் அந்த ஒரு சதுர அடியில்தான் நடக்கிறது. அங்கே காத்துக் கிடக்காமல் வேறெங்கே கிடப்பான்? இதற்கு நடுவே பத்துத் தடவையில் ஒரு தடவை ஓட்டம் பலித்துவிட்டால் போதும். எப்போது பலிக்கும் என்று தெரியாமல் கிடைக்கிற பரிசுதான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக ஊன்றிவிடும்.

தண்ணீர் தெளிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து அவன் கற்றுக்கொள்வது, பாட்டில் கையில் இருக்கும்போது உங்களிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான். அதட்டலும் அப்படியே. பயந்த பூனை இன்னும் வேகமாகத்தான் ஓடும், பிடிபட்டால் திட்டு விழும் என்று தெரிந்த பூனை வெளியே போனபின் நீங்கள் கூப்பிட்டால் வராது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அவன் வெளியே போய்விட்ட நாளில் உங்கள் குரல் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும் கயிறு.

என்ன செய்யலாம்? கதவிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கதவு தெரிகிற மாதிரி, உயரமான ஒரு இடத்தை அவனுக்கு ஒதுக்குங்கள். ஸ்டூல், அலமாரியின் மேல்தட்டு, பூனை மரம் (பூனை ஏறி உட்காரத் தட்டுகள் வைத்த கம்பம்), எதுவாகவும் இருக்கலாம். இனிமேல் அவனுக்குக் கிடைக்கும் நல்லது எல்லாம் அங்கேதான் கிடைக்க வேண்டும். அவனுக்கு உயிரான தீனி எதுவோ, அதை மற்ற நேரத்தில் கொடுக்காமல் இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பசி நேரத்தில், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். “மேலே” என்று ஒரே சொல்லைச் சொல்லி ஸ்டூலைத் தட்டுங்கள். ஏறியதும் ஒரு துண்டு. சொன்னதும் ஏறப் பழகியபின், அவன் அங்கே இருக்கும்போது கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு துண்டு. அப்புறம் கதவு வரை. அப்புறம் கைப்பிடியைத் தொட்டுவிட்டு. அப்புறம் சாவியைத் திருப்பி அந்தக் ‘கிளிக்’ சத்தம் கேட்கவிட்டு. பெரும்பாலான பூனைகள் இந்த இடத்தில்தான் குதித்துவிடும், ஏனென்றால் இத்தனை நாளும் அந்தச் சத்தம்தான் ஓடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. குதித்தால் கோபிக்க வேண்டாம், ஒரு படி பின்னால் போங்கள். கதவை விரல் அகலம் திறப்பது, ஒரு சாண் திறப்பது, வெளியே போய் உடனே திரும்புவது எல்லாம் அதற்குப் பிறகு. திறக்கிற பயிற்சியின்போது அதற்கு அப்பால் இன்னொரு கதவோ வெளிவாசலோ மூடியிருக்கட்டும். சில பூனைகள் சில நாளில் பிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். தெருவில் பிறந்தவனிடம் இரண்டாவதையே எதிர்பாருங்கள்.

பயிற்சி முடியும் வரை மாலையில் நீங்கள் வீடு திரும்பத்தானே வேண்டும். அதற்கு ஒரு வழி: பையிலேயே தீனி வைத்திருங்கள். கதவை ஒரு இடுக்கு மட்டும் திறந்து, கையை விட்டு, அவன் தலைக்கு மேலாக ஹாலின் உள்பக்கம் ஒரு பிடி தீனியை எறியுங்கள். உருண்டு ஓடும் தீனிக்கு அவன் திரும்பும் அந்த இரண்டு வினாடிக்குள் நீங்கள் உள்ளே. பையைக் கீழே கதவை ஒட்டி முன்னால் பிடித்தபடி நுழைந்தால் காலிடுக்கும் அடைபடும். நிலைப்படியில் கொஞ்சல் கிடையாது, பேச்சும் கிடையாது. நேராக ஸ்டூலுக்குப் போய் அங்கே கொஞ்சுங்கள். புறப்படும்போதும் ஸ்டூலில் தீனியைப் பரப்பிவிட்டு, விடைபெறும் சடங்கு எதுவும் இல்லாமல் கிளம்புங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் வாசலிலேயே தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தால் மற்றவர்களின் உழைப்பு வீண். விருந்தினர் வரும் நாளில் அவனை உள் அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது.

கதவோரத்தை விட்டு வா என்றால், வருவதற்கு வேறு இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பதுங்கல், துரத்தல், பிடித்தல், தின்னல், நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதுதான் பூனையின் ஒழுங்கு. வந்து முகம் கழுவியதும் பத்துப் பதினைந்து நிமிடம் இறகுக் குச்சியை வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். இறகை அவன் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த இரையும் பூனையைத் தேடி வராது. சோபாவுக்குப் பின்னால் மறையவிடுங்கள், நின்று நின்று இழுங்கள், கடைசியில் பிடித்துக்கொள்ள விடுங்கள். உடனே சாப்பாடு. தின்றபின் முகத்தை நக்கிக்கொண்டு படுத்துவிடுவான், கதவு நினைப்பும் மங்கும். லேசர் ஒளியை மட்டும் காட்டி முடிக்காதீர்கள், பிடிக்க முடியாத இரை அவனைத் தவிக்கத்தான் வைக்கும். பகலுக்கு, சாப்பாட்டில் ஒரு பங்கை அட்டைப் பெட்டிகளிலும் புதிர்த் தட்டுகளிலும் (தீனியைத் தோண்டி எடுக்க வைக்கும் தட்டுகள்) ஒளித்துவைத்துவிட்டுப் போங்கள்.

விடியற்காலையில் கதவைப் பிறாண்டிக் கத்துவான். திறக்காதீர்கள், எழுந்து வந்து சமாதானமும் சொல்லாதீர்கள். சில நாள் சத்தம் முன்னைவிடக் கூடும். பலித்துக்கொண்டிருந்த தந்திரம் பலிக்காமல் போகும்போது கைவிடுவதற்கு முன் அதையே இன்னும் பலமாக முயன்று பார்ப்பது எந்தப் பிராணிக்கும் இயல்பு. அந்த நாட்களில் ஒருமுறை விட்டுக்கொடுத்தாலும், இவ்வளவு கத்தினால் திறக்கும் என்று புதுக் கணக்கு எழுதிக்கொள்வான்.

இடம் இருந்தால் வாசலுக்கு உள்பக்கம் இரண்டாவதாக ஒரு கம்பிக் கதவு போடுவது எல்லாவற்றையும்விட நம்பகமானது. இடுப்புயரத் தடுப்பு பிரயோஜனமில்லை, அதை அவன் ஓடிவராமலே தாண்டுவான். நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி என்றால் தொங்கித் திறக்கவும் கற்றுக்கொள்வான், மேலே ஒரு தாழ்ப்பாள் வையுங்கள். கதவு அடைபட்டால் அடுத்து ஜன்னல்தான். கொசுவலை நகத்துக்கு நிற்காது, துருப்பிடிக்காத கம்பி வலை வேண்டும். பால்கனியை அரைகுறையாக அடைக்காமல் மேலிருந்து கீழ்வரை வலை கட்டுங்கள். பூனையின் தோள்பட்டை எலும்பு மற்ற எலும்புகளோடு இறுக்கிப் பிணைந்ததல்ல, தலை நுழையும் இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பாதீர்கள். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நெஞ்சுக்கூட்டில் அடி, உடைந்த தாடை, உடைந்த கால் என்று அவை பட்டதும், விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதும் பேச்சில் விட்டுப்போய்விடும்.

வாசலில் எலுமிச்சை எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். இவற்றில் உள்ள சில பொருட்களைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். அந்துருண்டையும் அப்படித்தான்.

இத்தனைக்கும் மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அவன் இன்னும் தூரம் போவான். வீட்டுக்குள் வளரும் பூனை மிரண்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே பதுங்கிவிடும், நீங்கள் கூப்பிடுவது காதில் விழுந்தாலும் மூச்சுக் காட்டாது. எனவே காலால் அலைவதைவிடக் குனிந்து தேடுங்கள். வண்டிகளின் அடி, படிக்கட்டின் அடி, புதர், பக்கத்து வீட்டுக் கார் கொட்டகை. ஊர் அடங்கியபின் டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துத் தரையோடு தரையாக ஒளி பாய்ச்சினால் இரண்டு கண்கள் மின்னும். அங்கேயே உட்கார்ந்து தீனி டப்பாவை மெதுவாக ஆட்டுங்கள். தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு போடுவது இன்றியமையாதது, ஆனால் அது அவன் எங்கே இருக்கிறான் என்று காட்டாது. கண்டெடுத்தவர் ஸ்கேனரில் படித்தால் வரும் எண் மட்டும்தான், உங்கள் தொலைபேசி எண் அதோடு பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். கழுத்துப்பட்டை கட்டினால், எங்காவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் வகையாகப் பார்த்துக் கட்டுங்கள்.

கடைசியாக ஹார்னஸ். கூட்டிப்போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். வாசலில் நிற்கும் பழக்கம் விடுபட்டு, ஸ்டூலில் அமைதியாக உட்காரத் தொடங்கியபின் செய்யுங்கள். முதலில் வீட்டுக்குள் சில நாள் ஹார்னஸ் மாட்டிச் சாப்பாடு, விளையாட்டு. மார்பையும் முதுகையும் சேர்த்துப் பிடிக்கும் வகையே வேண்டும், கழுத்தில் மட்டும் வார் கட்டி இழுக்கவே கூடாது. பின்பக்கமாக நழுவி வெளியேறுவதில் பூனைகள் கெட்டிக்காரர்கள், ஒரு விரல் மட்டுமே நுழையும் இறுக்கம் இருக்கட்டும். வெளியே போகும்போது வாசலைத் தன் காலால் தாண்ட விடாதீர்கள். ஸ்டூலில் வைத்தே ஹார்னஸ் மாட்டி, கூடையில் ஏற்றி, மூடி, வெளியே கொண்டுபோய் இறக்குங்கள். திரும்பும்போதும் கூடைதான். கதவருகே கத்தும் நேரத்தில் ஒருநாளும் கிளம்பாதீர்கள். அவன் சும்மா படுத்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூடையை எடுங்கள்.