பாலித் தீவில் கோயில்கள்தான் பாசனத் தண்ணீரைப் பங்கிடுகின்றன என்கிறார்களே, அது உண்மையில் எப்படி நடக்கிறது?

தண்ணீரைப் பங்கிடுவது ஒரு மரக்கட்டை. எந்தப் பகுதி எப்போது நடவு போடுவது, எப்போது வயலைச் சும்மா விடுவது என்பதுதான் கோயிலில் முடிவாகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியே பல கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் சங்கம். ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் வாங்கும் உழவர்கள் எல்லோரும் சேர்ந்தது ஒரு சுபாக். அதில் 50 முதல் 400 பேர் வரை இருப்பார்கள். தீவு முழுக்கச் சுமார் 1,200 சுபாக்குகள். ஊர் வேறு, சுபாக் வேறு: இரண்டு வாய்க்கால்களில் நிலம் இருந்தால் இரண்டு சுபாக்கிலும் உறுப்பினர். தலைவருக்கு பெகாசே என்று பெயர். கட்டுப்பாடுகளும் அபராதங்களும் அவிக்-அவிக் என்ற விதித்தொகுப்பில் இருக்கும். பாலியின் ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுவதால் வயலுக்குப் பக்கத்தில் அணை கட்டிப் பயனில்லை. மேலே வெகுதூரத்தில் தடுத்து, மலையைக் குடைந்து கொண்டுவர வேண்டும். அப்படிச் சுரங்கம் வெட்டுபவர்களைப் பற்றி 9ஆம் நூற்றாண்டுச் சாசனத்திலேயே குறிப்பு உண்டு.

இனி கட்டை. வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரத்தண்டைப் பதித்து, மேல்விளிம்பில் வெட்டுகள் போடுவார்கள். இதுதான் தெம்புக்கு. எல்லா வெட்டுக்கும் ஆழம் ஒன்றே, அகலம் மட்டும் அவரவர் பங்குக்கு ஏற்ப மாறும். ஒரு பங்குக்கு தெக்தெக் என்று பெயர். ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. எத்தனை லிட்டர் என்று யாரும் அளக்க வேண்டாம். வழியில் போகிறவர் குனிந்து விரலை வைத்துப் பார்த்தாலே பங்கு சரியா என்று தெரிந்துவிடும். கடைமடை வயலுக்குக் கசிவை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் சுபாக்குகளும் உண்டு.

கெட்டுப்போகும் இடங்களும் இந்தக் கட்டையில்தான். ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தாலே அந்தப் பக்கத்து வெட்டு அதிகம் இழுக்கும். முன்னால் வண்டல் சேர்ந்தால் ஓட்டம் ஒருபுறமாகச் சாயும். அதனால் கட்டைக்கு முன் வாய்க்கால் கொஞ்ச தூரமாவது நேராகவும் மெதுவாகவும் ஓட வேண்டும். கட்டைக்குப் பின்னால் புல் அடைத்துத் தண்ணீர் எதிர்த்து நின்றால் அந்தப் பங்கு குறைந்துவிடும். இரவில் வந்து வெட்டை ஆழப்படுத்துகிறவர்கள் எப்போதும் உண்டு, அபராதமும் அதற்காகவே. ஆசிய வளர்ச்சி வங்கியின் பணத்தில் நடந்த பாசனத் திட்டம் இதற்குப் பதிலாக ஏற்றி இறக்கும் மதகுகளை வைத்தது. அளந்து திறக்க ஆள் வேண்டும், அவரை எல்லோரும் நம்பவும் வேண்டும். பல இடங்களில் உழவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழைய முறைக்கே போனார்கள்.

சரி, தலைமடைக்காரர் கடைமடைக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பூச்சிக்குப் பயந்துதான். அறுப்புக்குப் பின் ஒரு பெரிய பரப்பு முழுக்க ஒரே நேரத்தில் நெல் இல்லாமல் கிடந்தால் புகையான் என்ற பூச்சிக்கும் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் தீனி இல்லை. ஒருவர் மட்டும் வயலைச் சும்மா போட்டால் பக்கத்து வயலுக்குத் தாவி உயிர் பிழைத்துவிடும். ஆகவே கடைமடையும் தன்னோடு சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுக்க வேண்டும் என்பது தலைமடையின் தேவை. தண்ணீர் கிடைக்காவிட்டால் கடைமடை எப்படிச் சேர்ந்து நடும்? ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் சேறடித்தால் ஆறு தாங்காது, அதிகத் தண்ணீர் குடிக்கும் கட்டம் அதுதான். சேர்ந்து நடும் வட்டாரம் பெரிதானால் தண்ணீர் பற்றாது, சிறிதானால் பூச்சி ஒழியாது. எத்தனை சுபாக் சேர்ந்து நட வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

அதைப் பேசித் தீர்க்கும் இடம் நீர்க்கோயில். ஒவ்வொரு சுபாக்குக்கும் சிறு கோயில் உண்டு. பல சுபாக்குகளுக்குப் பொதுவானது மஸ்செத்தி கோயில். எல்லாவற்றுக்கும் மேலே, பாத்தூர் ஏரியின் தேவியான தேவி டானுவின் கோயிலான புரா உலுன் டானு பாத்தூர். மஸ்செத்தி திருவிழாவுக்கு வரும் பெகாசேகள் அங்கேயே உட்கார்ந்து அடுத்த போகத்துக்கு எந்தத் தொகுதி முதலில், எது பின்னால் என்று முடிவு செய்வார்கள். தீராத வழக்கும் புது வாய்க்கால் கேட்பதும் பாத்தூரின் தலைமைப் பூசாரி ஜெரோ கெடேயிடம் போகும். அரசர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

இதன் அருமை தெரிந்தது 1970களில். பசுமைப் புரட்சித் திட்டம் குறுகிய வயது ரகங்களைக் கொடுத்து, முடிந்தபோதெல்லாம் நடு என்றது. ஆளுக்கொரு காலத்தில் நட்டார்கள். ஆண்டு முழுக்க எங்காவது பச்சை இருந்ததால் புகையான் பெருகியது. அதைத் தாங்கும் என்று ஐ.ஆர். 36 என்ற நெல் ரகம் வந்தது. அதைத் துங்ரோ பிடித்தது. மருந்தும் அடித்துப் பார்த்தார்கள். பிறகு உழவர்களே பழைய முறைவைப்புக்குத் திரும்பினார்கள். மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமருடன் சேர்ந்து இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக்கி 1993இல் வெளியிட்டார். ஒவ்வொரு சுபாக்கும் நன்றாக விளைந்த பக்கத்துக்காரரைப் பார்த்து நடவு அட்டவணையை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டதில், கோயில் தொகுதிகளைப் போன்ற அமைப்பு தானாகவே உருவாகி விளைச்சலும் ஏறியது. பழைய ரகங்கள் மட்டும் பெரும்பாலும் திரும்பவில்லை. புது ரகம், பழைய முறைவைப்பு என்ற கலவைதான் இன்று பரவலாக இருக்கிறது. "மாறாத மரபு" என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

2012இல் யுனெஸ்கோ ஜத்திலுவியின் படிவயல்கள் அடங்கிய பகுதி உட்பட ஐந்து இடங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, மொத்தம் சுமார் 19,500 ஹெக்டேர். தென்பாலியில் நிலைமை வேறு. வாய்க்காலின் நடுவில் நான்கு வயலை விடுதி கட்ட விற்றால் போதும், அதற்குக் கீழே உள்ள எல்லா வயலுக்கும் வரத்து கெடும். விற்றவர் சங்கத்திலிருந்து விலகுவார். தூர்வாரும் வேலை மீதியுள்ளவர்கள் தலையில் விழும். ஆள் குறையக் குறைய அடுத்தவரும் விற்கத் தொடங்குவார்.