சின்ன வயதில் ஆடிய கார்ட்டூன் கணினி விளையாட்டை இப்போது ஆடிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சுமா?

எண்பதுகளில் கார்ட்டூனை வைத்து வந்த ஏதோ ஒரு விளையாட்டை எமுலேட்டரில் (பழைய கணினி போல நடிக்கும் மென்பொருள்) இறக்கி, பத்து நிமிடம் ஆடிவிட்டு, "இதற்காகவா அப்போது சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த விளையாட்டு என்று எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். எழுதாததால் என் கதையைக் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். அந்தக் காலத்துக் கார்ட்டூன் விளையாட்டுகளில் பல, பெட்டியில் இருந்த படத்தை நம்பி விற்றவைதான். எலைட் என்ற விளையாட்டு நிறுவனம் 1985இல், ஸ்கூபி டூ என்ற நாய்க் கார்ட்டூனை வைத்துச் செய்யவிருந்த விளையாட்டுக்குச் சஞ்சிகைகளில் பெரிதாக விளம்பரம் போட்டது. கார்ட்டூனே திரையில் ஓடப்போகிறது என்கிற மாதிரி இருக்கும். அதை அன்றைய மலிவு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரத்தின் 48 கே நினைவகத்துக்குள் அடக்க முடியவில்லை. கடைசியில் 1986இல், கார்கோயில் கேம்ஸ் குழு செய்துகொடுத்த, ஸ்கூபி படிக்கட்டு படிக்கட்டாக ஓடிப் பேய்களை அடிக்கிற ஒரு விளையாட்டு வந்தது. அதுவும் மோசமில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வாய் பிளந்த பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டது அதுவல்ல. உங்களுக்கு வாய்த்தது அந்த ரகம் என்றால் உங்கள் தீர்ப்பு சரி. மேற்கொண்டு வாதாட மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ‘த ட்ராப் டோர்’ பற்றி. அது 1986இல் பிரித்தானியாவின் ஐரிவி தொலைக்காட்சியில் வந்த களிமண் பொம்மைக் கார்ட்டூன். சார்லி மில்ஸ், ரெரி பிரெய்ன் என்ற இருவர் செய்தது. ஒரு அத்தியாயம் ஐந்து நிமிடம்தான். பழைய கோட்டை ஒன்றின் அடித்தளத்தில் பேர்க் என்று நீல நிறக் குண்டன் ஒருவன், சமையல்காரன், வேலைக்காரன், எல்லாம் அவனே. மேல்மாடியில் ஓர் எசமான். அதற்குப் பெயர் கூடக் கிடையாது, முகமும் காட்டாது. சாப்பாடு கேட்டுக் கத்துவது மட்டும் கேட்கும். கூட்டுக்கு போனி என்ற பேசும் மண்டையோடும், ட்ரட் என்ற சிலந்தி மாதிரிப் பிராணியும். தரையில் ஒரு மூடிக்கதவு. அதைத் திறந்தால் கீழேயிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பேர்க்குக்குக் குரல் கொடுத்தவர் வில்லி ரஷ்டன். நாட்டுப்புறத்து ஆங்கிலம். அப்போதுதான் ஆங்கிலம் பழகிக்கொண்டிருந்த எனக்கு அரைவாசி விளங்காது. விளங்காமலே சிரிப்பேன்.

அதே வருடம் இந்தக் கார்ட்டூனை வைத்து, பிரானா என்ற நிறுவனப் பெயரில் விளையாட்டு வந்தது. மக்மில்லன் புத்தகப் பதிப்பகம் கணினி விளையாட்டுக்கென்று வைத்திருந்த பெயர் அது. எழுதியவர் டொன் பிரீஸ்ட்லி, பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் செய்த காரியத்தின் அருமை தெரிய வேண்டுமானால் ஸ்பெக்ட்ரம் கணினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினி ஆட்கள் இந்தப் பந்தியைத் தாண்டலாம்.

ஸ்பெக்ட்ரம் திரை 256க்கு 192 புள்ளிகள். புள்ளிகளை எப்படி வேண்டுமானாலும் போடலாம், அதற்கு 6144 பைட். நிறம் அப்படியில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம், அந்தக் கணக்கு மொத்தமும் 768 பைட்டில் முடிந்துவிடும். நினைவகத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. விளைவு என்னவென்றால், நீலச் சட்டைக்காரன் மஞ்சள் சுவரைத் தாண்டும்போது, அவன் கால் வைத்த கட்டத்தில் சுவரும் நீலமாகிவிடும், இல்லாவிட்டால் அவன் மஞ்சளாகிவிடுவான். பல பேர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று விளையாட்டு முழுவதையும் ஒற்றை நிறத்தில் வைத்தார்கள். பிரீஸ்ட்லி எதிர்ப்பக்கமாக யோசித்தார். உருவத்தை இந்தக் கட்டங்களுக்குச் சரியாகப் பொருந்தும்படி வரைந்து, கட்டம் கட்டமாகவே நகர்த்தினார். உருவம் சின்னதாக இருந்தால் அது அசிங்கமாகத் தெரியும், ஆகவே பெரிதாக்கினார். திரையில் கண்ணை நிறைத்து நிற்கிற மாதிரிப் பேர்க். அந்தப் பருத்த உதடு, கண், தொப்பை எல்லாம் ரிவியில் பார்த்தபடியே. மற்ற விளையாட்டுகளில் கதாநாயகன் விரல் நகம் அளவுக்கு இருந்த காலம் அது.

ஸ்பெக்ட்ரத்துக்குப் போட்டியாக இருந்த கொமடோர் 64 கணினியை வைத்திருந்த யாராவது இப்போது கருத்துப் பெட்டிக்கு வந்து, "எங்களுக்கு வன்பொருளிலேயே எட்டு ஸ்பிரைட் (தனியாக நகரும் உருவம்) இருந்தது, இந்த நிறத் தொல்லையெல்லாம் உங்கள் மலிவுப் பெட்டிக்குத்தான்" என்று எழுதுவார். தெரியும் ஐயா. எங்கள் வீட்டில் மலிவுப் பெட்டிதான் இருந்தது. அதுவும் இரண்டாம் கை.

நாங்கள் அப்போது கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். 83 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த பல குடும்பங்களைப் போலத்தான். மேல்மாடியில் வீட்டுக்காரர். சித்தப்பாவின் மகன், எனக்கு அண்ணா முறை, வேலைக்குப் போகத் தொடங்கியதும் தன் ஸ்பெக்ட்ரத்தை என்னிடம் தள்ளிவிட்டார். ரப்பர் விசைகள், விளையாட்டு பதிந்த கசெட்டை ஓட்டச் சாதாரண ரேப் ரெக்கோடர் ஒன்று, நடுவில் இரண்டு வயர். ஜே விசையைத் தட்டினால் ‘லோட்’ என்ற சொல் முழுதாக வந்து விழும். மேற்கோள் குறி இரண்டு போட்டு, ரேப்பை ஓடவிட வேண்டும். திரை ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த கோடுகள், பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள், கூடவே அந்த அலறல். நாலைந்து நிமிடம் பொறுமையாக இருந்தால் விளையாட்டு வரும். சில நேரம் கடைசி நிமிடத்தில் ‘ரேப் லோடிங் எரர்’ என்று வந்து எல்லாம் போய்விடும். அப்போது ரெக்கோடரின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆணியை, கண்ணாடிக்கடை ஸ்குரூ டிரைவரால் ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். அலறல் காதுக்குக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தால்தான் அந்தக் கூர்மை பிடிபடும்.

சத்தத்தைக் கூட்டினால் வீட்டுக்காரர் மேலிருந்து குதிக்காலால் தரையில் இடிப்பார்.

ஆக, திரையில் மேல்மாடி எசமான் சாப்பாடு கேட்டுக் கத்தும், நிஜத்தில் மேல்மாடியில் இருந்து இடி விழும். அம்மா சமையலறையில் இருந்து சிரிப்பார். அந்த வீட்டுக்காரரைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவரும் எங்களுடைய ஆள்தான், ஊரில் பக்கத்துக் கிராமம். வீட்டை விடும்போது, நாங்கள் குடி வருவதற்கு முன்பே கம்பளத்தில் இருந்த கறையைக் காட்டி முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார். அப்பா ஒரு சொல் பேசவில்லை, "எங்கட ஆக்களோட எதுக்குப் பிரச்சினை" என்றார். இங்கிலாந்தில் வாடகை முன்பணத்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும் என்ற சட்டம் 2007இல்தான் வந்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி, விடயத்துக்கு வருகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். லண்டனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அடுப்புக்கு வந்தவர். கணினி என்றால் கிட்டவும் வரமாட்டார். விடுமுறை நாள் ஒன்றில் பின்னால் கதிரையைப் போட்டு, நான் ஆடுவதைத் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து முதல் கட்டளை வந்தது: ஒரு தகரம் நிறையப் புழு. நான் வழக்கம் போல நெம்புகோலை இழுத்து மூடிக்கதவைத் திறந்தேன். புழு வெளியே வந்தது. தகரம் வேறெங்கோ கிடந்தது. நான் அதை எடுக்கப் போவதற்குள் ட்ரட் வந்து புழுவைத் தின்றுவிட்டது.

"ஏனடா இப்பிடி ஓடித் திரியிறாய்? முதல் தகரத்தைக் கொண்டுவந்து வை. பிறகு கதவைத் திற."

அவ்வளவுதான். மாதக்கணக்கில் எனக்கு எட்டாதது அதுதான். அடுத்து நசுக்கிய கண்முழி, அவித்த வழுவழுப்பன், பொரித்த முட்டை என்று கட்டளைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எது எங்கே இருக்க வேண்டும், எந்தச் சட்டி முதலில், எதைக் கூப்பிட்டுவிட்டு எதற்குக் காத்திருப்பது என்று அப்பா பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். செய்து முடித்ததைச் சின்னத் தூக்கியில் வைத்து மேலே அனுப்ப வேண்டும். அதைப் பார்த்ததும், "அட, எங்கட கிச்சினிலயும் இது இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், இவனுக்கும் மேல இருந்துதான் ஓடர்" என்றார். பிறகு வேலைக்குப் போகாத நாட்களில் அவராகவே கேட்பார், "அந்த நீலன்ட விளையாட்டைப் போடு" என்று. விசையைத் தொட்டதில்லை. மேற்பார்வை மட்டும்தான். என் வகுப்பில் இருந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் முதல் கட்டளையிலேயே நின்றபோது நான் பொரித்த முட்டை வரை போனேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அண்மையில் இதைத் திரும்ப ஆடினேன். ஃபியூஸ் என்ற எமுலேட்டரில், மகளோடு. உள்ளதைச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் எனக்கும் உங்களுக்கு வந்த எண்ணமே வந்தது. பேர்க் கட்டம் கட்டமாகத் தாவித் தாவி நகர்கிறான். நாங்கள் அன்றைக்கு அதைக் கவனித்ததே இல்லை. இன்றைய கண்ணுக்கு உறுத்துகிறது. ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் தூக்குவான். திரும்பச் சொன்னால், உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்பிவிட்டுத்தான் நடப்பான். மகள் கேட்டாள், "இவருக்கு முழங்கால் வருத்தமா?"

ஆனால் அவள்தான் விடவில்லை. அவள் ‘ஓவர்குக்ட்’ ஆடுகிறவள். 2016இல் வந்த சமையலறை விளையாட்டு, கட்டளை வரும், ஓடி ஓடிச் சமைத்து அனுப்ப வேண்டும். இரண்டாவது கட்டளை வந்தபோது, "இது அதேதானே" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே ஒவ்வொரு அறையாகப் போய்ச் சாமான்களை எடுத்து, நெம்புகோலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அதன் பிறகுதான் கதவைத் திறந்தாள். அப்பா இருந்திருந்தால் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டிருப்பார். பேர்க்கின் மெதுவான நடை கூட அப்போதுதான் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அவன் வேகமாக ஓடக்கூடியவனாக இருந்தால் சாமான்களை முன்கூட்டியே ஒழுங்கு பண்ண வேண்டிய தேவையே வராது. விளையாட்டு முழுவதும் அந்த மெதுவில்தான் நிற்கிறது. பிரீஸ்ட்லி அதை வேண்டுமென்றே செய்தாரா, பெரிய உருவத்தை இதைவிடக் கெதியாக நகர்த்த 3.5 மெகாஹேர்ட்ஸ் சிப்புக்குத் தெம்பில்லையா என்று கேட்பீர்கள். இரண்டாவதாகவே இருக்கட்டும். ஆடுகிறவனுக்கு விளைவு ஒன்றுதான்.

"உனக்கு அப்பா நினைவு, அதனால் இப்படிச் சொல்கிறாய்" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். என் அப்பாவை என் மகள் பார்த்ததே இல்லை. அவள் இரண்டு பின்னேரம் தானாக இதைக் கேட்டு ஆடினாள். 1987இல் வந்த இதன் தொடர்ச்சியையும் போட்டுக் கொடுத்தேன். மூடிக்கதவுக்குக் கீழே போய்ப் போனியை மீட்கிற கதை, பேர்க்கையும் ட்ரட்டையும் மாற்றி மாற்றி ஆட வேண்டும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அன்றே பிடிக்கவில்லை. பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆள் நானில்லை.

நீங்கள் ஆடியது இதுதான் என்றால், மறுபடி போடுங்கள். எமுலேட்டரில் வேகத்தைக் கூட்டாதீர்கள், எசமானின் பொறுமையும் சேர்ந்து ஓடிவிடும். இடையிடையே சேமித்து வைத்துத் திரும்பப் போகிற வசதியையும் தொடாதீர்கள். யூரியூப்பில் முழுத் தீர்வும் கிடக்கிறது, அதைப் பார்த்தால் ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் ஆடியது 1985இல் வந்த ‘பொப்பாய்’ என்ற கார்ட்டூன் விளையாட்டு என்றால் கீழே எழுதுங்கள். அதுவும் பிரீஸ்ட்லி செய்ததுதான், உருவங்கள் இதைவிடப் பிரமாதம், ஆனால் அதைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை குறைவு.