ஃபோன் போதும் என்று தைரியமாக எழுதுங்கள்

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு அப்பா ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். மகள் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தவள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு பி.எச்டி. விண்ணப்பம் போட்டு, ஜனவரிக் கடைசியில் நேர்காணல் என்று பேராசிரியரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. ஜூமிலும் பேசலாம், ஃபோனிலும் பேசலாம், உனக்கு எது வசதி என்று கேட்டிருக்கிறார். மகள் ஃபோன் என்கிறாள். நியூஜெர்சி சித்தப்பா, "ஃபோன்னு சொன்னா மூஞ்சியைக் காட்டப் பயப்படுறான்னு நினைச்சிருவாங்க, வீடியோதான்" என்று பிடிவாதமாக நிற்கிறாராம். புது லேப்டாப், ரிங் லைட், நேர்காணல் கோச்சிங் என்று ஒன்றரை லட்சத்துக்குப் பட்டியலும் ரெடி.

கவலைப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். பட்டியலைக் கேட்டதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம், பிள்ளை சொன்னதுதான் சரி.

நம் வீடுகளில் அமெரிக்கா இன்டர்வியூ என்றாலே சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகம்தான் நினைவுக்கு வருகிறது. அது விசாவுக்கு, நேரில் போய் நின்றே ஆக வேண்டும். இது வேறு சங்கதி. ஐந்தாறு வருஷம் தன் ஆய்வகத்தில் உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்ளப்போகிற ஆளோடு ஒரு பேராசிரியர் அரை மணி நேரம் பேசிப் பார்க்கிறார். ப்ராஜெக்டில் இவள் தன் கையால் செய்தது என்ன, சோதனை சொதப்பியபோது என்ன செய்தாள், இந்த ஆய்வகம் எதற்கு என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இதில் எதற்கும் ரிங் லைட் உதவாது.

அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசினேன். கேமரா எதிரில் உட்கார்ந்தால் ஓரத்தில் தெரிகிற தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், வார்த்தை வராதாம். ஆனால் உப்புத் தண்ணீரில் வளர்த்த நெல் நாற்றின் பக்கவேர்களை ஸ்கேன் பண்ணி ஒவ்வொன்றாக எண்ணியதைப் பற்றி ஃபோனிலேயே இருபது நிமிஷம் என்னிடம் மூச்சு விடாமல் சொன்னாள். முதல் தடவை நாற்று முழுக்கப் பூஞ்சை பிடித்துப் போனதையும் மறைக்கவில்லை. அந்தக் குரலைத்தான் பேராசிரியர் கேட்க வேண்டும்.

நெட் விஷயமும் இருக்கிறது. ஜூமில் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேச நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். படம் தெளிவாக வர அதைப்போல் இரண்டு மடங்கு. வெறும் குரலுக்கு 100கூடத் தேவையில்லை, சாதாரண ஃபோன் அழைப்புக்கோ நெட்டே வேண்டாம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் ஜனவரியில் நமக்கு ராத்திரி எட்டரை. தெருவே செல்போனில் வீடியோ பார்க்கிற நேரம். படம் உறைந்து, குரல் விட்டு விட்டு வந்தால் நன்றாகத் தெரிந்த பதிலும் பாதியில் நிற்கும்.

சரி, ஃபோன் என்று முடிவெடுத்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஃபோன்தானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

பதில் மெயிலில் +91 சேர்த்து எண்ணைக் கொடுங்கள். நேரத்தை அவர்கள் கணக்கிலும் நம் கணக்கிலும் சேர்த்தே எழுதுங்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிந்திய நேர்காணல் என்றால் கணக்கு மாறும். அவரையே கூப்பிடச் சொல்லலாம், நம் சிம்முக்கு உள்வரும் அழைப்பு இலவசம். எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார் என்று கேட்டு அதை ஃபோனில் பதிந்து வையுங்கள். தெரியாத எண்களைத் தானாகவே அமுக்கிவிடுகிற செட்டிங்கையும் ஸ்பேம் தடுக்கிற ஆப்பையும் அன்றைக்கு அணைத்து வையுங்கள். கால் வெயிட்டிங்கையும் சேர்த்து.

மேஜையில் காகிதமாக மட்டும் வையுங்கள்: விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரை, ப்ராஜெக்டின் முக்கியமான வரைபடம், அந்தப் பேராசிரியரின் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அவரிடம் கேட்க மூன்று கேள்விகள். இந்த வசதி வீடியோவில் கிடையாது, கண் கீழே போனால் தெரிந்துவிடும். ஆனால் பார்த்து வாசிக்காதீர்கள், வாசிப்பது குரலிலேயே தெரியும்.

சாதாரண ஃபோன் லைன் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். அதனால் எஸ், எஃப் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். மரபணுப் பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக, எஸ் ஃபார் சால்ட் என்று சொல்லுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வரும். ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். தலையாட்டுவது அவருக்குத் தெரியாது, வாயால் ஆமாம் சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமா, யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள்.

அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் போடவும் கூடாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எழுதிக் காட்டுவது, சித்தப்பா கான்ஃபரன்ஸில் ஒட்டுக் கேட்பது எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அது ஏமாற்று, பிள்ளையின் கவனமும் சிதறும்.

மூன்று நான்கு பேர் குழுவாகக் கேட்டாலோ, ஸ்லைடு காட்டச் சொன்னாலோ வீடியோவையே எடுங்கள். ஃபோனில் யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடாது. வீடியோ மட்டும்தான் என்று துறை சொல்லிவிட்டால் பேரம் பேசாதீர்கள். தேர்வை அவர்களே கொடுத்திருக்கும்போது, ஃபோன் கேட்டதால் மதிப்புக் குறையும் என்று பயப்பட வேண்டியதில்லை.

பேச்சின் கடைசியில்தான் சித்தப்பாவின் அசல் யோசனை வெளியே வந்தது: தாவரவியல் எதற்கு, ஐம்பது லட்சம் கடன் வாங்கி கம்ப்யூட்டரில் எம்.எஸ். படிக்கட்டும். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். இவர்களுக்கு இருப்பது ஒரே வீடு. அறிவியல் பி.எச்டி. இடங்களில் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியோடு மாத உதவித்தொகையும் வரும். வேர்களை எண்ணிச் சலிக்காத பெண்ணை, அவள் கேட்காத படிப்புக்கு, வீட்டுப் பத்திரத்தை வைத்து அனுப்பாதீர்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தர அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதுவரை அந்தக் கடன் பேச்சை வீட்டில் எடுக்கவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா கூப்பிட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.