கேள்வி-பதில்: கடிதத்தோடு அன்பும் போய்விட்டதா?

கேள்வி: கடிதம் எழுதிய காலத்தில் ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரிந்தது. இப்போது ஓயாமல் செய்தி வருகிறது, ஒன்றிலும் உயிர் இல்லை. நான் நாலு வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. போனில் பேசினாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லை. வேகம் கூடக்கூட மனிதர்கள் பேசிக்கொள்வது செத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் வருத்தம் நிஜம். ஆனால் கூண்டில் ஏற்றியிருப்பது தப்பான ஆளை.

முதலில் அந்தக் கடிதக் காலத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். நாம் எடுத்து எடுத்துப் படிப்பதெல்லாம் யாரோ பத்திரப்படுத்திய கடிதங்கள். கிழித்துப் போட்டவற்றுக்குக் கணக்கே இல்லை. பெட்டியில் தங்கியதை மட்டும் வைத்து ஒரு காலத்தை எடைபோட்டால், அன்றைக்கு எல்லோரும் உருகி உருகி எழுதியதாகத்தான் தோன்றும். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் பணம் கேட்ட கடிதங்களை யாரும் பட்டுத்துணியில் சுற்றி வைப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடிதத்தைப் பாருங்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக் பகுதியில், 'ஊர்' என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நன்னி என்பவர் ஈய-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு அனுப்பியது. கைக்கு அடக்கமான அந்தப் பலகையில் முன்னும் பின்னும் நெருக்கி நெருக்கித் திட்டுதான். நல்ல சரக்கு தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டமானதைக் காட்டினாய். 'வேண்டுமானால் எடு, இல்லையென்றால் நடையைக் கட்டு' என்று என் ஆளை விரட்டினாய். என்னை யாரென்று நினைத்தாய். இனிமேல் ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கித்தான் எடுப்பேன். சாரம் இவ்வளவுதான்.

அந்தக் கடிதம் தொடங்கும் விதம்தான் எனக்குச் சுவாரசியம். 'ஈய-நாசிரிடம் சொல்; நன்னி சொல்வது இது.' அன்றைய கடிதங்களுக்கு வழக்கமான தொடக்கமே அப்படித்தான். அந்த வரி வியாபாரியிடம் பேசவில்லை, படித்துக் காட்டப் போகிறவரிடம் பேசுகிறது. எழுத்து தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒருவர் சொல்ல எழுத்தர் எழுதுவார், போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறிவு பரவும்வரை, அதாவது மிகச் சமீப காலம்வரை, உலகின் பெரும்பகுதி மக்களுக்குக் கடிதம் என்றால் இதுதான். மனம்விட்டுப் பேசினார்கள் என்று நீங்கள் சொல்லும் இடத்தில், பல நேரம் ஒன்றிரண்டு பேர் காதைக் கொடுத்து நின்றிருந்தார்கள்.

அந்தக் காலத்துக் கடிதங்கள் பலவற்றில் இன்னொரு வழக்கமான வரியும் வரும்: 'ஷமாஷ் தெய்வம் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.' யார் யாருக்கு எழுதினாலும் அதே வரி. 'நலம், நலமறிய ஆவல்' அதற்கு வாரிசு. காலையில் பூப்படத்தோடு வரும் வணக்கம் அடுத்த வாரிசு. அதைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் வேலை ஒன்று: சேதி எதுவும் இல்லை, நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா.

சரி, சுருக்கத்துக்கு வருவோம். ஆட்கள் சுருக்கமாக எழுதுவது பொறுமை போனதால் என்று தோன்றலாம். பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது காசு. பிரிட்டனில் 1840 வரை தபால் கட்டணத்தைப் பொதுவாக வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் தக்கபடி கட்டணம். அதனால் ஒரு தாளை நிரப்பிவிட்டு, அதையே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதுவார்கள். படிக்கிறவர் பாடு திண்டாட்டம். சாமர்த்தியசாலிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மேலுறையில் ஏற்கெனவே பேசிவைத்த ஒரு சின்னக் குறி. வாங்குகிறவர் அதைப் பார்ப்பார், புரிந்துகொள்வார், 'கடிதம் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். சேதி வந்தாயிற்று, காசு மிச்சம். மிஸ்டு கால் ஏதோ கைபேசிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! ரோலண்ட் ஹில் சொன்ன சீர்திருத்தத்தால் அனுப்புகிறவரே முன்கூட்டிப் பணம் கட்டும் ஒட்டுத் தபால்தலை 1840 மே மாதம் புழக்கத்துக்கு வந்ததும் இந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. அப்புறம் தந்தி வந்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் வந்ததும் முதலில் வெட்டுப்பட்டது அன்பு மொழிதான்.

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துதான் என்று வரம்பு வைத்த கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். 1980களின் நடுவில் ஜெர்மனியில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மனதில் வந்த வாக்கியங்களையெல்லாம் அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் எல்லாமே 160-க்குள் அடங்கின. தபால் அட்டைகளில் மக்கள் எழுதியதும் ஏறக்குறைய அதே நீளம். ஆகவே நாம் சுருங்கிவிடவில்லை. முதலிலிருந்தே அந்த அளவுதான்.

வேகத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு போரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தச் செய்தி கப்பலேறி அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் இரு படைகளும் மோதின. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் 2,000 பேர் இறந்தும் காயம்பட்டும் சிறைப்பட்டும் போனார்கள். சேதி ஆளின் காலையும் குதிரையையும் பாய்மரத்தையும் நம்பியிருந்தவரை அப்படித்தான். 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவே மோர்ஸின் தந்தி ஓடியது. 1866-இல் அட்லாண்டிக்கின் அடியில் நிலைத்து வேலைசெய்யும் கம்பி வந்தது. சேதி அதைச் சுமக்கிற ஆளை முந்திக்கொண்டது. மனிதத் தொடர்பில் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். கைபேசி அந்த வழியில் வந்ததுதான்.

வேகம் ஒன்றைப் பறித்துக்கொண்டது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: சாக்கு. கடிதம் போய்வர ஒன்றரை மாதம் ஆன காலத்தில் பதில் வராததற்கு நூறு காரணம் இருந்தது. கப்பல் தாமதம், தபால் தொலைந்தது, ஆள் ஊரில் இல்லை. மறந்துவிட்டார் என்பது நூற்றியோராவது காரணம். அதுவரை மனசு போக வேண்டியதே இல்லை. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறிகள் வந்தன. அந்த நூறு காரணமும் ஒரே நாளில் அடிபட்டுப் போயின. உலகம் முழுக்கப் புலம்பல் கிளம்பி, கொஞ்ச நாளிலேயே அதை அணைத்துவைக்கும் வசதியையும் கொடுக்க வேண்டியதாயிற்று. படித்துவிட்டார், இப்போதும் ஆன்லைனில்தான் இருக்கிறார், பதில் மட்டும் இல்லை. உங்களைக் குத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். அதே நபர் அன்றைக்கு மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் பாசக்காரர் என்று பேர் எடுத்திருப்பார்.

கட்டைவிரலுக்கு வருகிறேன். நேரில் நீங்கள் நாலு வாக்கியம் பேசினால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? தலையாட்டுவார், 'ம்' போடுவார். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போனில் அந்த 'ம்' மூன்று நொடி நின்றுவிட்டால் 'இருக்கியா? கேக்குதா?' என்று பதறுகிறோம். மனிதப் பேச்சு அவ்வளவு நெருக்கமாகக் கோத்தது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. மொழிக்கு மொழி வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அந்த வேகத்தில் பதில் வர வேண்டும் என்றால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பதிலைத் தயார்செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எழுத்தில் இது நடக்காது. 1982-இலேயே ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், கணினியில் எழுதும் நகைச்சுவையைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்களே என்று, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்புக் குறி போடலாமே என்றார். நீங்கள் வெறுக்கும் கட்டைவிரல் அந்தக் குடும்பம். அது பதில் இல்லை. ராகம் போன 'ம்'. அதைப் பதிலாக எண்ணிப் படிப்பதால்தான் உயிரில்லை என்று தெரிகிறது.

போனில் பேசினாலாவது என்று ஏங்குகிறீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிகளே, வீட்டில் இருப்பவர்கள் சும்மா அரட்டைக்குப் போனை எடுப்பதை வீண் வேலை என்று கருதின. அது வியாபாரத்துக்கும் அவசரத்துக்கும் உள்ள கருவியாம். இன்றைக்கு அதே அரட்டைக்குத்தான் நீங்கள் ஏங்குகிறீர்கள்.

கடைசியாக, அந்த நாலு வரியில் கேள்வி ஏதாவது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தகவல் சொன்னால் 'ம்'தான் வரும். பதில் வேண்டுமென்றால் அவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். குரல் வேண்டுமென்றால் நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் மணி அடிப்பது, தட்டாமல் கதவைத் திறந்து உள்ளே வருவது மாதிரி இப்போது பலருக்கு. எப்போது பேச வசதி என்று முன்கூட்டியே ஒரு வரி கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.