டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபெனிடாயின் அளவு 6 என்று வந்தால் டோஸைக் கூட்ட வேண்டாமா?

கேள்வி இதுதான்: அப்பா டயாலிசிஸில் இருக்கிறார், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறார். ரிப்போர்ட்டில் அளவு மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது 10–20, அல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராம். வலிப்பு வரவில்லை. டாக்டர் ஏன் டோஸைக் கூட்டவில்லை?

கூட்டாமல் விட்டதுதான் சரி. அந்த 6 மொத்த அளவு. ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூளைக்குள் போய் வேலை செய்வது ஒட்டாத 10 சதவீதம்தான். 10–20 என்ற வரம்பே சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களை வைத்துப் போட்டது. அவர்களுக்கு ஒட்டாத மருந்து மில்லிலிட்டருக்கு 1–2 மைக்ரோகிராம் இருக்கும்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அல்புமின் குறைவது ஒரு பக்கம். இருக்கிற அல்புமினும் பழையபடி மருந்தைப் பிடிக்காது என்பதுதான் பெரிய சிக்கல். வெளியேறாமல் தேங்கும் இண்டாக்சில் சல்ஃபேட் போன்ற கழிவுகள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவையும் அல்புமினோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸில் சரியாகக் கழிவதில்லை. போதாக்குறைக்கு, யூரியாவிலிருந்து உண்டாகும் சயனேட் அல்புமினின் அமைப்பையே மாற்றுகிறது. ஆக ஒட்டாத பங்கு 20–30 சதவீதமாகிவிடும். கல்லீரல் உடைப்பதும் அந்தப் பங்கைத்தான். அதனால் மொத்தம் இறங்கும். ஒட்டாத அளவோ ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும்.

மருந்து வழக்கம்போல் ஒட்டியிருந்தால் மொத்த அளவு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிடுவது ஷைனர்–டோசர் சூத்திரம். அதன்படி டயாலிசிஸ் நோயாளிக்கு அல்புமினை 0.1-ஆல் பெருக்கி, 0.1 கூட்டி, வந்ததால் மொத்த அளவை வகுக்க வேண்டும். 3 × 0.1 + 0.1 = 0.4, 6 ÷ 0.4 = 15. வரம்புக்கு நடுவில் இருக்கிறார். அல்புமினைப் பெருக்க 0.1-க்குப் பதில், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கான 0.2-ஐப் போட்டால் 8.6 வரும், குறைவு என்று தோன்றும், இங்கேதான் சறுக்குவார்கள்.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்ந்து ஓடினால் இந்தச் சூத்திரத்தை நம்ப முடியாது, அதுவும் அதே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். அப்போது ஒட்டாத ஃபெனிடாயினைத் தனியாக அளக்கும் டெஸ்ட்தான் வழி. ரத்தத்தை அடுத்த டோஸுக்கு முன்பு, டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவதற்கும் முன்பு எடுக்கச் சொல்லுங்கள். ஹெப்பாரினுக்குப் பிறகு கொழுப்பு அமிலங்கள் ஏறி, ஒட்டாத பங்கைக் கூட்டிக் காட்டலாம்.

ஃபெனிடாயினைக் கழிக்கும் திறன் கல்லீரலுக்கு ஓர் எல்லைவரைதான். அதைத் தாண்டினால் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே அளவு எகிறிவிடும். தூங்கிவழிவது, நடக்கும்போது தள்ளாடுவது, பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் விழி துடிப்பது எல்லாம் அதன் அறிகுறி. டயாலிசிஸ் அசதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் 6 என்றே இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.