தளம் ஒழுகுமா?

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் நடுவில் சீன நிறுவனமான ஹுவாவேயின் ஹார்மனி ஓ.எஸ். தாக்குப் பிடிக்குமா? இல்லை, விண்டோஸ் ஃபோன் போல அதுவும் மூட்டை கட்டிவிடுமா? மூன்றாவது தளத்துக்கு இங்கே இடமே கிடையாதா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: "மூன்றாவது தளம்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் இரண்டு மாடிக்கு அப்ரூவல் வாங்கிவிட்டு மூன்றாவதையும் எழுப்பியவர் கதையை எழுதலாம்தான். ஆனால் அவர் நம் சந்தாதாரர், விட்டுவிடுவோம்.

எங்கள் பிழைதிருத்துபவருக்கும் எனக்கும் ஐந்தாறு வருடமாக ஒரு தகராறு. நான் 'ஓ.எஸ்.' என்று எழுதிக் கொடுத்தால் அச்சில் 'இயங்குதளம்' என்று வரும். ஐயா, இயங்காமல் இருப்பதுதானே தளத்துக்கு முதல் தகுதி? பூகம்பம் வந்தால் தவிர யார் வீட்டில் தளம் இயங்குகிறது? "அகராதியில இருக்கு சார்" என்பார். இந்த முறை உங்கள் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். சரி, அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம். எழுத எழுத, இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று எனக்கே படுகிறது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், தளம் போடுகிற நாள் எப்படி இருக்குமென்று. விடிந்ததும் கலவை மிஷின் வந்துவிடும், சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டி கைமாறும், மத்தியானம் வீட்டுக்காரர் செலவில் பிரியாணி, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் மீதியைப் போட்டால், பழசும் புதுசும் சேருகிற ஒரு கோடு இருக்கிறதே, அதில் ஆயுளுக்கும் ஒழுகும். மைக்ரோசாஃப்ட் செய்தது இதைத்தான். 2010-ல் விண்டோஸ் ஃபோன் 7. 2012-ல் அஸ்திவாரத்தையே மாற்றி விண்டோஸ் ஃபோன் 8. பழைய ஃபோனில் அது ஏறாது. விண்டோஸ் ஃபோன் 7 போட்ட நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது அந்த வருடம் ஏப்ரலில், இந்த அறிவிப்பு வந்தது ஜூனில். பால் காய்ச்சிய அடுப்பு ஆறவில்லை, வீட்டை இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ்! அப்புறம் 8.1, அப்புறம் விண்டோஸ் 10 மொபைல். மேலே லைவ் டைல்ஸ் (முகப்பில் தானாக மாறிக்கொண்டே இருக்கிற கட்டங்கள்) பதித்தார்கள், உண்மையிலேயே அழகு, இன்றைக்கு வருகிற ஃபோன்களில்கூட அவ்வளவு சுத்தமான முகப்பு கிடையாது. ஆனால் டைல்ஸா ஒழுகலை நிறுத்தும்?

ஆப் எழுதுகிறவர்கள்தான் இந்த வீட்டுக் குடித்தனக்காரர்கள். வருடத்துக்கு ஒரு தடவை சாமான்களைத் தூக்கி வாசலில் வை, புது விதிப்படி மறுபடி அடுக்கு என்றால் எவன் இருப்பான்? பக்கத்து வீட்டுக்காரர் வேறு தண்ணீர் லைனை அடைத்துவிட்டார்: கூகுள் யூடியூபுக்கு ஒழுங்கான ஆப் தரவில்லை, 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்று எழுதி வெளியிட்டதும் அதையும் முடக்கியது. 

நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் ஈலாப், மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தவர், 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் நாம் நிற்கிற தளம் எரிகிறது என்றார். கடிதம் வெளியே கசிந்துவிட்டது. அவர் சொன்ன தளம் நோக்கியாவின் பழைய ஓ.எஸ். சிம்பியன்; அதை விட்டு விண்டோஸ் ஃபோனுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிம்பியன் ஃபோன்கள் அப்போதும் கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன. சொந்த வீட்டு வாசலில் 'ஒழுகும் வீடு' என்று போர்டு மாட்டிவிட்டு வாடகைக்கு ஆள் தேடியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மைக்ரோசாஃப்ட் 2014-ல் நோக்கியாவின் ஃபோன் தொழிலை வாங்கி முடித்தது, 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

அந்த விற்பனையில் சேராமல் நின்றது ஸ்ரீபெரும்புதூர் ஆலை. வரி வழக்கில் மாட்டிக்கொண்டதால் அதைக் கைமாற்ற முடியவில்லை. மைக்ரோசாஃப்டுக்குக் கொஞ்ச நாள் ஒப்பந்தத்தில் ஃபோன் செய்து கொடுத்தார்கள், ஒப்பந்தம் நின்றது, 2014 நவம்பர் 1-ல் ஆலையும் நின்றது. பழியை விண்டோஸ் ஃபோன் தலையில் மட்டும் போட முடியாது. ஆனால் 2006-லிருந்து ஷிஃப்ட் பஸ் பிடிக்க விடிவதற்கு முன்பே ரோட்டோரம் நின்ற கிராமத்துப் பெண்களுக்கு இந்த நுணுக்கத்தால் என்ன ஆகப்போகிறது? அதே இடத்தைப் பிற்பாடு சால்காம்ப் வாங்கியது. சார்ஜர் செய்கிறவர்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போதாவது வருகிறேன். ஹுவாவே ஆசைப்பட்டுத் தனி வீடு கட்டவில்லை. 2019 மே மாதம் அமெரிக்கா தடை போட்டது, கூகுள் கதவைச் சாத்தியது, கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. ஆனால் கெட்டிக்காரத்தனமாகக் கட்டினார்கள். ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடுகிற பழைய வீட்டிலேயே குடியிருந்துகொண்டு பின்பக்கம் புதுசை எழுப்பி, 2024 அக்டோபரில் வந்த ஹார்மனி ஓ.எஸ். நெக்ஸ்டில்தான் ஆண்ட்ராய்டு ஆப்களுக்கு இடமில்லை என்றார்கள். சீனாவில் கூகுள் சேவைகள் ஏற்கெனவே கிடையாது, அதனால் இழப்பும் இல்லை. அங்கே அரட்டைக்கும் பணம் கட்டவும் எல்லோரும் வைத்திருக்கிற வீசாட் ஆப் ஓடினால் பாதி வாழ்க்கை ஓடிவிடும், அதுவும் குடிவந்துவிட்டது. ஆகவே சீனாவில் நிற்கும் என்பது என் கணிப்பு. வெளிநாடுகளில் விற்கிற ஃபோன்களில் ஹுவாவே இன்னும் ஆண்ட்ராய்டு வழி வந்த ஈ.எம்.யூ.ஐ.யைத்தானே வைத்துக் கொடுக்கிறது? கட்டியவருக்கே அந்தத் தைரியம் வரவில்லை, பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?

எனக்கு என் கவலை. எங்கள் வீட்டுத் தளத்தை மழைக்குப் பயந்து இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டார் மேஸ்திரி, "ஒண்ணும் ஆகாது சார்" என்றார். வாட்டர் டாங்குக்குக் கீழே அந்தக் கோட்டில் சொட்டுகிறது. வருகிறேன் என்று சொல்லி எட்டு நாள் ஆகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன்.