அறிவியல் புனைகதைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்த வேற்றுக்கிரக இனம் எது?
சந்தேகமே இல்லாமல் டைன்கள்தான். வெர்னர் விஞ்ச் 1992-இல் எழுதிய 'எ ஃபயர் அப்பான் தி டீப்' நாவலில் வருபவை. மூக்கையும் காதையும் மட்டும் மாற்றி வைத்த மனிதர்களைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். பார்க்க நாய் மாதிரி இருக்கும், ஆனால் தனி நாய்க்குப் பெரிதாக அறிவு கிடையாது, நாலைந்து சேர்ந்தால்தான் ஓர் ஆள், ஒரே மனம். அவற்றுக்குள் எண்ணம் ஓடுவதே நம் காதுக்கு எட்டாத ஒலி வழியாகத்தான், அதனால் இரண்டு பேர் ரொம்ப நெருங்கி நின்றால் யோசனையே குழம்பிவிடும், தள்ளி நின்றுதான் பேசியாக வேண்டும். கை இல்லை, பல வாய்கள் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். அப்புறம், ஓர் உடல் இறந்து புதிதாக இன்னொன்று வந்து சேர்ந்தால் அந்த ஆளின் குணமே மாறிவிடும், நாவலின் பாதி அரசியல் இதை வைத்துத்தான் நடக்கிறது.